'டிரக் எக்ஸ்போஷர்': 'படுமளவு' சரிவருமா?

ஐயா, வணக்கம். காசநோய்க் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் வரும் 'டிரக் எக்ஸ்போஷர்' என்பதற்கு, அதாவது கொடுத்த மருந்து உடம்புக்குள் எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு, 'படுமளவு' என்று போடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு இப்படி ஒரு மறுமொழி வந்தது:

> 'மருந்து வெளிப்பாடு' என்றே போட்டுவிடலாமே, பல இடங்களில் புழங்குகிறது.

புழங்குவது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது வெளியே தெரிவதைத்தானே வெளிப்பாடு என்கிறோம்? இங்கே மருந்து உள்ளே போகிறது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் 'வெளிப்பாடு' என்று எழுதினால், அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைச் சொல்வதாகக்கூட ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

'மருந்தளவு' போதாதா என்றும் ஒரு கேள்வி வந்தது. போதாது. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையே மருந்தளவும் எக்ஸ்போஷரும் வேறு வேறு என்பதைப் பற்றியதுதான். ரிஃபாம்பிசின் உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., பெரியவர்களுக்கு நாளைக்கு 600 மி.கி. என்பது அரை நூற்றாண்டுப் பழைய கணக்கு. அன்றைக்கு மருந்தின் விலையும் பக்கவிளைவு பயமும் சேர்ந்து அந்த இடத்தில் நிறுத்தின. உடம்பு எதுவரை தாங்கும் என்று தேடிப் பார்த்து வைத்த எண் அல்ல. பிறகு தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 35 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2015-இல் வந்தது. கொடுத்தது மூன்றரை மடங்கு. இரத்தத்தில் கிடைத்தது அந்த விகிதத்தையும் வெகுவாகத் தாண்டிவிட்டது. இதை 'மருந்தளவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தும் அப்படித்தான். ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே மாத்திரை. ஒருவரின் கல்லீரல் அதைச் சட்டென்று செயலிழக்கச் செய்துவிடும், இன்னொருவருக்கு மெதுவாக. சென்னையில் 1960-களிலேயே ஆராய்ந்த விஷயம் இது.

அதனால்தான் 'படு' என்ற வினைக்குப் போனேன். வெயில் படுகிறது, காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்கிறோம். கொடுப்பது மருந்தளவு, உடம்பில் படுவது படுமளவு. 'செறிவு' ஏன் வேண்டாம் என்றால், அது ஒரு நொடியின் கணக்கு. வெயில் பட்டது என்றால் எவ்வளவு நேரம் என்று தானாகவே கேட்போம். எக்ஸ்போஷரிலும் அளவோடு நேரம் சேர்ந்தே இருக்கிறது. 'உட்படல்' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஆய்வுக்கு உட்பட்ட நோயாளிகள் என்று அடுத்த வரியிலேயே வருவதால் குழப்பும்.

'கதிர் படுமளவு' என்று எக்ஸ்ரே பக்கமும் கொண்டுபோகலாம். 'படுமோசம்' நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எனக்கு உறுத்தவில்லை. உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.