மூடுவதற்கு முன்னால்

வீட்டைப் புதுப்பித்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே ஒவ்வொருவராக எழுதுவதைப் படித்தேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடிக் குளியலறையை அடியோடு பெயர்த்துப் புதிதாகச் செய்தோம். குழாய், தளம், டைல்ஸ், கதவு எல்லாமே புதிது. வேலை முடிந்த ஒன்பதாம் நாள், நேர் கீழே உள்ள அறையின் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. மறுநாள் பார்த்தால் அது சுவர் வரை நீண்டிருந்தது.

கொத்தனாரை அழைத்தேன். "இது குழாய்க் கசிவு அம்மா, பிளம்பரைக் கூப்பிடுங்கள்" என்றார். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "என் குழாயில் ஒழுக்கு இருக்காது, தளத்தில்தான் இறங்குகிறது" என்றார். இருவரும் ஒன்றாக வந்து நின்ற அன்று என் பொறுமை போய்விட்டது. பிளம்பர் வயதில் சின்னவர். அவரிடம்தான் கத்தினேன். செய்த வேலைக்குப் பொறுப்பேற்கத் தெரியாதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வழி சொன்னவர் கொத்தனார்தான். "வாய்ப்பேச்சில் தெரியாது அம்மா, தண்ணீர் கட்டிப் பார்த்துவிடுவோம்" என்றார். தண்ணீர் போகும் துளையைத் துணிப்பந்தால் இறுக அடைத்தார். தளத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, நீர்மட்டம் தொட்ட இடத்தில் சுவரில் ஒரு துண்டு நாடாவை ஒட்டினார். அறையைப் பூட்டி 24 மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. மறுநாள் திறந்தபோது தண்ணீர் நாடாவின் விளிம்பிலேயே நின்றது. தளம் குற்றமற்றது.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். மூடிய பிறகும் அதன் சின்னச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வெந்நீர்ப் பக்கத்து வால்வைப் பிளம்பர் அடைத்தார். சக்கரம் நின்றது. திறந்தார், மறுபடி சுற்றியது. ஆக, கசிவு வெந்நீர்க் குழாயில், சுவருக்குள்ளே. அவர் முகம் வெளுத்துவிட்டது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முனைகளையெல்லாம் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் விட்டு, அழுத்தம் காட்டும் முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர் பூசச் சொல்லியிருந்தார். அப்படியானால் எந்த இணைப்பு விட்டது?

எந்த இணைப்பும் விடவில்லை. கொத்தனார் சுவரை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடி அலமாரிக்குக் கீழே வந்ததும் நின்றார். அலமாரியைக் கழற்றினோம். இடப்பக்கத் திருகாணியைத் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தபோது அதன் நுனி துருவேறி ஈரமாக இருந்தது. அடுத்த கணம் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சி என் புடவையை நனைத்தது. குழாயைத் துளைத்த திருகாணியே இத்தனை நாளும் அந்தத் துளைக்கு அடைப்பாகவும் இருந்திருக்கிறது. அதனால்தான் முதல் நாளே கொட்டாமல் சொட்டுச் சொட்டாக ஊறி, ஒன்பது நாள் கழித்துக் கீழே தெரிந்தது.

அலமாரியை மாட்டியவர் தச்சர். இந்தச் சண்டையில் அவர் பெயரே அடிபடவில்லை. தொலைபேசியில் சொன்னவுடன் புறப்பட்டு வந்தார். துளையைப் பார்த்ததும், "நான் போட்டதுதான் அம்மா" என்றார். ஆனால் துளையிடும் முன் அவர் என்னிடம் கேட்டிருந்தார், இந்தப் பக்கம் குழாய் ஏதாவது போகிறதா என்று. இல்லை என்று சொன்னது நான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பூச்சு வேலைக்கு முந்தைய நாள் பிளம்பர் என்னை அழைத்து, "மூடப்போகிறார்கள், ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு வேலை இருக்கிறது என்று நான் போகவில்லை.

பிளம்பரிடம் அன்றே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். கத்தியதும் எல்லோர் முன்னிலையில்தானே.

இரண்டு டைல்களை உடைத்து, துளைபட்ட துண்டை வெட்டியெடுத்து, இணைப்பான் போட்டு, பசை இறுக நேரம் விட்டு, மறுபடி அழுத்தம் கொடுத்துப் பார்த்து மூடினார்கள். மீதி டைல்ஸ் ஒன்றுகூட நாங்கள் வைத்திருக்கவில்லை. கடையில் அதே பெயர், அதே எண் கிடைத்தது. ஆனால் ஒரே தடவையில் தயாரானவற்றுக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண் வேறு, நிறம் ஒரு சாயல் மங்கல். பகல் வெளிச்சத்தில் அந்த இரண்டும் தனியாகத் தெரிகின்றன. டைல்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு பெட்டியாவது கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள்.

* * *

மேலே எழுதிய அம்மா பிளம்பரைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எங்கள் எலக்ட்ரீஷியனை நினைத்துக்கொண்டேன்.

வீடு முழுவதும் வயரை மாற்றினோம். முன்பு இல்லாத கசிவு மின்தடுப்பான் ஒன்றையும் அவர் பொருத்தினார், 30 மில்லியாம்பியர் வகை. மின்சாரம் கசிந்து மனித உடல் வழியாகப் போனால் நொடிக்குள் துண்டித்துவிடும். முதல் வாரமே தொல்லை தொடங்கியது. பகலில் ஒன்றும் இல்லை. இரவு எல்லா அறையிலும் ஏதாவது ஒன்று ஓடும் நேரத்தில் தடுப்பான் விழுந்துவிடும். தூக்கிவிட்டால் பத்து நிமிடம் நிற்கும், மறுபடி இருட்டு. நான்காம் இரவு என் அண்ணன் சொன்னார், "அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல், பழைய வீட்டில் இதெல்லாம் இருந்ததா?" எனக்கும் அது சரியென்றே பட்டது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சொன்னேன்.

அவர் மறுத்துவிட்டார். "அண்ணா, என் கூலியைக்கூட நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்ற மாட்டேன். உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது" என்றார். இரண்டு நாள் வந்தார். மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிரிவின் இரண்டு வயரையும் கழற்றி, வயரின் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மெகர் கருவியால் எர்த்துக்கும் அதற்கும் நடுவே சோதித்தார். மின்சாரம் வரும் பேஸ் வயர்கள் எல்லாம் நன்றாக இருந்தன. படுக்கையறைப் பிரிவில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில்தான் அளவு சுத்தமாக இறங்கியது. அந்தப் பிரிவின் சுவிட்சுப் பெட்டிகளை வரிசையாகத் திறந்தார். நான்காவது பெட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். எர்த்தோடு இணைந்த இரும்புப் பெட்டியின் கூரிய ஓரத்தில் கறுப்பு நியூட்ரல் வயரின் உறை நகக்கீறல் அளவுக்குக் கிழிந்து, உள்ளே செம்பு மின்னியது. நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் ஓடும் மின்சாரம் கூடக்கூட அந்த வழியாகப் பிரிந்து போவதும் அதிகமாகும். இரவில் மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த இரண்டு நாளுக்குத் தனியாகக் கூலி கொடுத்தேன். வயரைப் பெட்டிக்குள் திணித்தது தன் உதவியாள்தான் என்று சொல்லி அவர் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கையில் வைத்தேன். கழற்றச் சொல்லிக் கேட்டதற்கு அந்தக் கூலி ஈடாகாது.

* * *

என் அனுபவம் சின்னது. பூச்சு காய்வதற்குள் வர்ணம் அடிக்கச் சொன்னேன். புதுப்பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும் என்று பெயின்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதி நெருங்கிவிட்டது, நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. சுரண்டி, காயவிட்டு, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, மறுபடி முதலிலிருந்து. அதே பெயின்டர்தான் வந்தார். நான்தான் முன்பே சொன்னேனே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

* * *

முதலில் எழுதியவள்தான். பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். பொருளுக்கு மட்டும் முன்பணம், கூலி வேலை முடிய முடிய. கடைசிப் பகுதி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதால் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

தளத்தின் வாட்டத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர் போகும் துளையை நோக்கி மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் வைத்தார் எங்கள் கொத்தனார். டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்துக் குளியலறை வேலை இந்த வாரம் தொடங்கியது. அதே பிளம்பர், அதே கொத்தனார், கதவுக்கு அதே தச்சர். நேற்று மாலை பிளம்பர் அழைத்தார், "நாளை பூசப்போகிறார்கள் அம்மா." இன்று விடிந்ததும் போய்விட்டேன். அவர் அளவுநாடாவைத் தரையிலிருந்து குழாய் வரைக்கும், பிறகு மூலையிலிருந்து குழாய் வரைக்கும் இழுத்துப் பிடித்தார். எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தேன். மொத்தம் பதினொரு படங்கள். தச்சருக்கும் அப்போதே அனுப்பிவிட்டேன்.