டான்யூப் ஆற்றுக் கப்பல் பயணம்: விசா, நீர்மட்டம் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன் வரும் செப்டம்பரில், ஜெர்மனியின் பாசாவில் கப்பலேறி, ஆஸ்திரியாவின் வியன்னா, ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை சென்று பாசாவுக்கே திரும்பும் 7 இரவுப் பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறேன். நான்கும் பொது விசா முறை கொண்ட ஷெங்கன் நாடுகள் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்களுக்கு ஒரே விசா போதும். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கப்பல் இரவோடு இரவாக எல்லை கடந்து செல்லும்போது அந்த இரவை எந்த நாட்டின் கணக்கில் சேர்ப்பது? இவ்வாறு விண்ணப்பித்தவர்கள் பயணத்திட்டத்தை எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இன்னொரு கவலை ஆற்றின் நீர்மட்டம். கோடையின் இறுதியில் நீர் மிகவும் குறைந்துவிட்டால் பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்வதுண்டு. ஆஸ்திரியாவில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கைத் தண்ணீரில் மிதந்தபடியே பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அதற்காகவே பயணத்தை மே மாதத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். கப்பல் துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதால் சில நேரம் வேறொரு கப்பலுக்குள் நுழைந்துதான் கரையேற வேண்டியிருக்குமாம். மூட்டுவலியுள்ள அம்மாவுக்கு அது சிரமமாக இருக்குமா என்பதையும் சென்று வந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.