டைனோவில் ஒரு குணம், சாலையில் வேறு குணம்: உமிழ்வுச் சோதனை மோசடி – அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

ஃபோக்ஸ்வேகன் போன்ற நிறுவனங்களின் டீசல் கார் உமிழ்வு மோசடி என்றாலே "சாஃப்ட்வேர் வச்சு ஏமாத்திட்டாங்க" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த சாஃப்ட்வேர் எதைப் பார்த்து இது சோதனை என்று தெரிந்துகொண்டது? தெரிந்ததும் எஞ்சினில் எதை மாற்றியது? எப்படிப் பிடிபட்டது, சட்டம் எந்த இடத்தில் பிடித்தது? இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் பிரிவின் பெயரைத் தலைப்பாகப் போட்டு அவரவர் பகுதியை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலையில் எதிர்ப்படும் விஷயம் மட்டும் போதும்.

டைனோ மேடை

டைனோ என்பது வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தை உருளை மேல் ஓடவிடும் சோதனை மேடை. முதலில் சோதனை எவ்வளவு எளிதில் கணிக்கக்கூடியது என்று பாருங்கள். ஐரோப்பாவின் பழைய சோதனைச் சுழற்சியான என்இடிசி மொத்தம் 1180 விநாடி, ஏறத்தாழ 11 கி.மீ. வண்டியை குறைந்தது 6 மணி நேரம் 20–30 டிகிரி அறையில் நிறுத்தி ஆறவைத்து, அப்படியே குளிர்ந்த எஞ்சினோடு உருளை மேல் ஏற்றி ஓட்ட வேண்டும். ஓட்டுநர் எதிரே திரையில் வேகக் கோடு ஓடும். அதற்கு மேலோ கீழோ மணிக்கு 2 கி.மீ. வரைதான் விலகலாம். ஸ்டியரிங் அசையவே அசையாது. முன்சக்கரங்களை மட்டும் சுழலவிடும் டைனோவாக இருந்தால் பின்சக்கரமும் சுற்றாது.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ 2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வேகனுக்கு அனுப்பிய மீறல் அறிவிப்பில் நான்கு உள்ளீடுகளைக் குறிப்பிட்டது: ஸ்டியரிங் நிலை, வண்டியின் வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம். நான்குமே வேறு வேலைகளுக்காக வண்டியில் ஏற்கெனவே இருப்பவை. இதற்கென்று புதிதாக ஒரு சென்சார்கூடத் தேவைப்படவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைனோ மோட் என்பது தன்னளவில் குற்றமில்லை. முன்சக்கரம் 80-ல் சுற்ற, பின்சக்கரம் நின்றால் ஏபிஎஸ்ஸும் ஈஎஸ்பியும் வண்டி வழுக்குகிறது என்று நினைத்து பிரேக் பிடிக்கும், எஞ்சின் சக்தியைக் குறைக்கும். அதை அணைக்க ஒரு மோட் வேண்டும்தான். அந்த மோடைக் காரணமாக வைத்து ஈஜிஆர் (எரிந்த வாயுவை எஞ்சினுக்குள் திருப்பும் அமைப்பு), இன்ஜெக்‌ஷன், யூரியா அளவு ஆகியவற்றைத் தொட்டால்தான் அது மோசடி.

கேலிப்ரேஷன்

எஞ்சின் மென்பொருளின் அளவுகளை நிர்ணயிப்பதுதான் கேலிப்ரேஷன் வேலை. ஏன் செய்தார்கள் என்பதை வேதியியலில் தேடினால்தான் கிடைக்கும். சிலிண்டருக்குள் வெப்பம் ஏற ஏற நைட்ரஜன் ஆக்சைடு, அதாவது நாக்ஸ், கூடும். ஈஜிஆர் வழியாக எரிந்த வாயுவைத் திரும்ப உள்ளே விட்டால் வெப்பம் தணிந்து நாக்ஸ் குறையும், ஆனால் கரி கூடும். கூடிய கரி டிபிஎஃப் எனும் கரி வடிகட்டியில் அடையும். அதைச் சுமார் 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகத் தாமதமாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. அடிக்கடி எரித்தால் ஆயில் நீர்த்துப்போகும், வடிகட்டி விரிசல் விடும்.

ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா, கோல்ஃப் போன்றவற்றில் இருந்தது நாக்ஸைப் பிடித்துவைக்கும் பொறி. அது நிரம்பியதும் சில விநாடிகள் டீசலை அதிகமாகத் தெளித்துக் காலிசெய்ய வேண்டும். அதனால் மைலேஜ் அடிவாங்கும், கரியும் கூடும். அமெரிக்கப் பஸாட்டில் இருந்தது யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர். அதில் பிரச்சினை தொட்டியின் கொள்ளளவு. சர்வீஸுக்கு வரும்போது மட்டும் நிரப்பினால் போதும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால், தேவையான அளவு தெளிக்க முடியாது. இடையிலேயே தொட்டி காலியாகிவிடும். (யூரியாத் தொட்டி அளவையும் அது தாங்கும் தூரத்தையும் ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதற்காக ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூலையில் 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. இது தனி வழக்கு. ஆனால் வேர் இதே தொட்டிதான்.)

ஆக நாக்ஸ், கரி, எரிபொருள், பாகங்களின் ஆயுள் என்ற நாலு முனையில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும். பெரிய தொட்டி, தாங்கும் வடிகட்டி என்று செலவழித்தால் நாலையும் சமாளிக்கலாம். செலவைத் தவிர்க்க, சோதனையில் மட்டும் நாக்ஸைக் குறைத்துச் சாலையில் மற்ற மூன்றையும் காப்பாற்றினார்கள்.

இதற்கு நேரடிச் சான்று ஃபோக்ஸ்வேகன் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட உண்மை அறிக்கையிலேயே இருக்கிறது. 2012 வாக்கில் வாடிக்கையாளர் வண்டிகளில் பாகங்கள் பழுதாக ஆரம்பித்தன. வண்டி சாலையிலும் டைனோ மோடிலேயே தங்கிவிடுகிறது, அதுதான் காரணம் என்று பொறியாளர்கள் ஊகித்தார்கள். அதற்காகச் சேர்த்ததே ஸ்டியரிங் கோணத்தைப் பார்க்கும் பகுதி. திருட்டை நிறுத்தவில்லை, திருட்டை இன்னும் துல்லியமாக்கினார்கள். இந்த வழக்கில் என்னால் மன்னிக்க முடியாத வரி இதுதான்.

3.0 லிட்டர் வி6-இல் வேறு வழி. 2015 நவம்பர் 2 அறிவிப்பில் ஈபிஏ சொன்னது: அமெரிக்கச் சோதனையின் ஆரம்பக் கட்டங்கள் முடியும் 1370 விநாடி வரை எஸ்சிஆரைச் சூடாக வைத்திருக்கும் மோட். அது முடிந்த அடுத்த விநாடியே சாதாரண மோட். நாக்ஸ் வரம்பைப் போல் 9 மடங்கு வரை ஏறியது.

பெம்ஸ்

கேலிப்ரேஷன் சார் சொன்னதைச் சாலையில் எப்படிப் பிடிப்பது என்று எழுதுகிறேன். பெம்ஸ் என்பது வண்டியிலேயே ஏற்றிச் செல்லும் அளவுக்கருவி. புகைக்குழாய் முனையில் ஓட்டமானிக் குழாய், அதிலிருந்து சூடாக்கப்பட்ட மாதிரிக் குழல், நாக்ஸுக்கும் கார்பன் வாயுக்களுக்கும் பகுப்பான்கள், ஜிபிஎஸ், வெளி வெப்பநிலை மற்றும் ஈரப்பத சென்சார், வண்டிக் கணினியின் பதிவைப் படிக்கும் ஓபிடி இணைப்பு. கிளம்புமுன் பூஜ்ய வாயு, அளவு வாயு இரண்டாலும் சரிபார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். இடையில் அளவு நகர்ந்திருந்தால் அந்த ஓட்டத்தைத் தூக்கி எறிவதுதான் ஒரே வழி.

பிழை வரும் இடங்கள் சில உண்டு. குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைந்து காட்டும். மாதிரிக் குழல் ஆறிப்போனால் நீர் கோத்து நாக்ஸில் ஒரு பகுதியை விழுங்கும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஏற்றினால் அதன் புகை உள்ளே வராமல் பார்க்க வேண்டும், எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஐசிசிடி என்ற தூய போக்குவரத்து ஆய்வு அமைப்புக்காகச் செய்தது இதைத்தான். மூன்று டீசல் வண்டிகள், கலிஃபோர்னியா சாலைகள். ஒரு வண்டி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பியது. வரம்பு கி.மீ.க்கு 0.043 கிராம் நாக்ஸ். ஜெட்டா அதைப்போல் 15 முதல் 35 மடங்கு, பஸாட் 5 முதல் 20 மடங்கு. மூன்றாவதான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. அதே ஜெட்டாவும் பஸாட்டும் டைனோவில் தேறின. டீசல் என்றாலே முடியாது என்ற சாக்கு அந்த மூன்றாவது வண்டியால் விழுந்தது.

அதன்பின் கலிஃபோர்னியாவின் காற்று வாரியமான கார்ப் விடவில்லை. 2014 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் தானாக முன்வந்து மென்பொருள் மாற்றம் செய்தது. 2015 மே மாதம் கார்ப் திரும்பச் சோதித்தபோது பெரிய பலன் இல்லை. டைனோவிலேயே பிடிக்க அவர்கள் தனிச் சுழற்சி ஒன்றையும் வடிவமைத்தார்கள். கொள்கை எளிது: சோதனையின் ஏதாவது ஒரு அடையாளத்தை மட்டும் மாற்றுவது. அதே சுழற்சியைச் சூடான எஞ்சினோடு ஓட்டலாம், வேகத்தை 10 சதவீதம் கூட்டலாம், கட்டங்களின் வரிசையைப் புரட்டலாம், அறை வெப்பத்தை 10 டிகிரிக்கு இறக்கலாம். சூடான எஞ்சினில் நாக்ஸ் கொஞ்சம் மாறினால் இயல்பு. மடங்குகளில் ஏறினால் உள்ளே யாரோ முடிவெடுக்கிறார்கள் என்று பொருள்.

பட்டறை

ரீகால் மென்பொருள் ஏற்றியபின் வண்டியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. ஐரோப்பாவில் மோசடியில் சிக்கிய ஈஏ189 டீசல் எஞ்சினில் 2.0 லிட்டருக்கு மென்பொருள் மட்டும். 1.6-க்குக் கூடுதலாக, காற்று ஓட்டமானிக்கு முன்னால் ஓட்டத்தை நேராக்கும் ஒரு வலைச் சட்டம். ஈஜிஆர் அதிகம் வேலை செய்தால் அதன் வால்விலும் கூலரிலும் கரி அடைவதைக் கவனிக்க வேண்டும். டிபிஎஃப் எரிப்பு இடைவெளியை ஸ்கேனரில் குறித்துவையுங்கள், ஆயில் குச்சியில் மட்டம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டீசல் கலக்கிறது. எதையும் கழற்றி எறியாதீர்கள். வடிகட்டியை வெட்டினாலும் யூரியாவை ஏமாற்றும் பெட்டி மாட்டினாலும் அதுவும் சட்டப்படி முறைகேடே.

சட்டப் பிரிவு

அமெரிக்காவில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே சான்றிதழ் கேட்கும்போதே, உமிழ்வுக் கட்டுப்பாட்டைச் சூழ்நிலைக்கேற்ப மாற்றும் ஒவ்வொரு துணை ஏற்பாட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தாலே மீறல். ஃபோக்ஸ்வேகன் மீது மூன்று குற்றங்கள்: சதி, நீதிக்கு இடையூறு, பொய் அறிக்கையின் பேரில் இறக்குமதி. 2017-ல் ஒப்புக்கொண்டு 280 கோடி டாலர் குற்ற அபராதம், 150 கோடி டாலர் சிவில் அபராதம். இடையூறு என்பதில் சுமார் 40 ஊழியர்கள் ஆவணங்களை அழித்ததும் அடக்கம். அதற்குமுன் 2016 ஒப்பந்தம் 1470 கோடி டாலர் வரை. வண்டியை 2015 செப்டம்பர் மதிப்புக்குத் திரும்ப வாங்குவது, மேலே ரொக்கம், 2019 ஜூனுக்குள் 85 சதவீத வண்டிகளைச் சாலையிலிருந்து எடுப்பது அல்லது சரிசெய்வது. தனி மனிதர்களில் பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 40 மாதம், மேலாளர் ஆலிவர் ஷ்மிட்டுக்கு 7 ஆண்டு.

ஐரோப்பாவில் ஒழுங்குமுறை 715/2007-இன் 5(2) பிரிவு இத்தகைய ஏமாற்று ஏற்பாட்டைத் தடைசெய்கிறது, ஆனால் எஞ்சினைக் காக்க என்றால் விலக்கு. எல்லா நிறுவனமும் ஒளிந்த சந்து இதுதான். 2020 டிசம்பர் 17-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை அடைத்தது: திடீரென வரும் அசாதாரணச் சேதத்துக்கு மட்டுமே விலக்கு, தேய்மானமும் அடைப்பும் கணக்கில் வராது. 2022 ஜூலையில் வெப்பச் சாளரத்தைத் தொட்டது. 15 முதல் 33 டிகிரிக்குள்ளும் 1000 மீட்டர் உயரத்துக்குக் கீழும் மட்டும் ஈஜிஆர் முழுதாக வேலை செய்யும் ஏற்பாடு அது. ஐரோப்பியக் குளிரில் ஆண்டின் பெரும்பகுதி அது முடங்கிக் கிடந்தது.

ஜெர்மனியில் வாங்கியவர்கள் நிலை: 2020 மே 25-ல் கூட்டாட்சி நீதிமன்றம் சிவில் சட்டம் 826-இன்படி வேண்டுமென்றே செய்த தீங்கு என்றது. வண்டியைக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம், ஓடிய தூரத்துக்குக் கழிவு உண்டு. புது வண்டி 30,000 யூரோ, ஓடியது 60,000 கி.மீ., மொத்த ஆயுள் 3 லட்சம் கி.மீ. என்று வைத்தால் கழிவு 6,000, கிடைப்பது 24,000. நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் ஆயுள் கணக்கு மாறும் என்பதால், ஒப்பந்தம், ரீகால் கடிதம், தேதியோடு ஓடோமீட்டர் படம் மூன்றையும் வைத்திருப்பது பெரிய தொகையை மாற்றும். 2015-லேயே விவரம் தெரிந்தும் 2019-ல் வழக்குப் போட்டவர்களுக்குக் காலாவதி. செய்தி வெளிவந்தபின் வாங்கியவர்களுக்கும் 826 கிடைக்கவில்லை. 2023 ஜூன் 26 முதல் கவனக்குறைவு என்றாலே வண்டியை வைத்துக்கொண்டு விலையில் 5 முதல் 15 சதவீதம் கேட்கலாம்.

இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் ஃபோக்ஸ்வேகனுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கட்டாய வசூல் நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது.

கேலிப்ரேஷன்

ஒரு நிறுவனத்தோடு முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995-ல் கேடிலாக்: ஏசி போட்டால் கலவையைச் செறிவாக்கிய 4,70,000 பெட்ரோல் கார்கள். சோதனையில் ஏசி அணைந்திருக்கும். 1998-ல் கனரக டீசல் எஞ்சின் தயாரித்த ஏழு நிறுவனங்கள் ஒரே சமயத்தில் சிக்கின. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது மைலேஜுக்காக நாக்ஸைத் திறந்துவிட்டவை அவை. 2020-ல் டைம்லர் சிக்கியது, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

பெம்ஸ்

முதல் பதிவில் விட்டது ஒன்று. இப்போதைய ஐரோப்பியச் சாலைச் சோதனை 90 முதல் 120 நிமிடம், நகரம், ஊர்ப்புறம், நெடுஞ்சாலை மூன்றும் ஏறக்குறைய சமபங்கு, ஒவ்வொன்றும் குறைந்தது 16 கி.மீ. அதன் நடுவில் டிபிஎஃப் எரிப்பு தொடங்கினால் நாக்ஸ் எகிறும். நேர்மையான வண்டியிலும் எகிறும். வெளியேறும் வாயுவின் வெப்பத்தையும் ஓபிடி பதிவையும் பார்த்து எரிப்பு நடந்ததா என்று உறுதிசெய்துகொண்டு, நடந்திருந்தால் மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்திலும் எரிப்பே இல்லாமல் நாக்ஸ் அதே அளவில் நின்றால் அப்போது டைனோ அறிக்கையைக் கேளுங்கள்.