குழந்தை பிறந்து நாலு மாசம் ஆச்சு, முடி கொத்து கொத்தா கொட்டுது, சத்துக் குறைவா ஹார்மோனா?

கோபிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு வயசு 28, முதல் குழந்தை, சிசேரியன், பாப்பாவுக்கு நாலு மாசம் முடிஞ்சு இப்போ அஞ்சு நடக்குது. மாசமா இருந்தப்போ முடி அவ்வளவு அடர்த்தியா இருந்துச்சுங்க, ஜடை பின்னுனா ஒரு கைக்குள்ள அடங்காது. இப்போ மூணு வாரமா தலைக்கு ஊத்துற அன்னிக்கெல்லாம் பாத்ரூம் ஜல்லடையில பந்து மாதிரி சுருண்டு கிடக்குது, தலகாணில, பாப்பா சட்டையில, நேத்து சோத்துல கூட. நெத்திக்கு ரெண்டு ஓரமும் வெளிச்சத்துல நின்னா தோல் தெரியுது. கண்ணாடி பாக்கவே பிடிக்கல, ராத்திரி பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டே அழுதுட்டேன்.

மாமியார் சின்ன வெங்காயம் அரைச்சுத் தடவச் சொல்றாங்க, அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் குடுத்து விட்டாங்க, நாத்தனார் முடிக்கு நல்லதுன்னு பயோட்டின் வைட்டமின் மிட்டாய் வாங்கி அனுப்பியிருக்காங்க, பாட்டி பால் குடுக்குறதாலதான் சத்தெல்லாம் போகுது நிறுத்துன்றாங்க. சாப்பாடுன்னு பார்த்தா ரெண்டு மாசம் பத்தியம், பூண்டுக் குழம்பு ரசம் சாதம் அவ்வளவுதான், கீரை குடுத்தா பாப்பாவுக்கு வயித்தால போகும்னு விடல, முட்டையும் இல்ல. ஆபரேஷன்ல ரத்தம் கொஞ்சம் அதிகமா போச்சு, டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஹீமோகுளோபின் 10.2. இரும்பு மாத்திரை மலச்சிக்கல் ஆகுதுன்னு வீட்டுக்கு வந்ததுமே நிறுத்திட்டேன். நான் என்ன டெஸ்ட் எடுக்கணும், யாராவது விவரமா சொல்லுங்களேன் ப்ளீஸ்.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:

முதல்ல அழாதம்மா. எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் இப்படித்தான், சொல்லி வச்ச மாதிரி நாலாவது மாசம் ஆரம்பிச்சுச்சு, பெரியவனுக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள நெத்தியில குட்டி குட்டியா முடி முளைச்சு நட்டுக்குத்தலா நின்னுச்சு. பாலை நிறுத்தாத, பால் குடுக்காதவங்களுக்கும் கொட்டத்தான் செய்யுது, என் ஓர்ப்படிக்கு அப்படித்தான்.

இன்னொண்ணு, இதை யாருமே சொல்லித் தரமாட்டாங்க. பாப்பாவோட கால் விரல், கை விரல் எல்லாம் தினம் குளிப்பாட்டும்போது விரிச்சுப் பாரு. என் ரெண்டாவது பிள்ளை ஒரு நாள் நிறுத்தாம அழுதான், பால் குடுத்தாலும் நிக்கல, வசம்பு தேச்சும் நிக்கல, சாக்ஸைக் கழட்டினா காலோட மூணாவது விரல் சிவந்து வீங்கி இருந்துச்சு, என்னன்னு பார்த்தா என் முடி ஒண்ணு ரெண்டு சுத்து சுத்தி தோலுக்குள்ள பதிஞ்சு கிடக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி டாக்டர்தான் எடுத்தாங்க. இன்னும் நேரம் போயிருந்தா விரலுக்கு ரத்த ஓட்டமே நின்னுருக்கும்னு சொன்னாங்க. அதனால முடியை முடிஞ்சுகட்டி வை, பாப்பா சாக்ஸை உள்பக்கம் திருப்பி உதறிப் போடு.

லேப்ல வேலை பாக்குற அக்கா:

நான் 14 வருஷமா ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்கேன், டாக்டர் இல்ல, ஆனா தினம் உன்ன மாதிரி நாலு பேரு முடி கொட்டுதுன்னு ரத்தம் குடுக்க வர்றாங்க, அதனால தெரிஞ்சத சொல்றேன். மாத்திரை முடிவு உன் டாக்டர்கிட்டதான்.

முடி கொட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டு மூணு மாசம் பின்னாடி எண்ணிப் பாரு, காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். தலையில இருக்குற முடியில பத்துக்கு ஒன்பது எப்பவும் வளந்துட்டு இருக்கும், மீதி ஓய்வுல இருக்கும், ஓய்வுக்குப் போன முடி சுமார் மூணு மாசம் வேர்ல சும்மா உக்காந்துட்டு அப்புறம்தான் உதிரும். மாசமா இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறிப்போய் இருக்குறதால ஓய்வுக்குப் போக வேண்டிய முடியும் போகாம வளந்துட்டே இருக்கும், உன் ஜடை கைக்கு அடங்காம இருந்தது அதனாலதான். பிரசவம் ஆன கையோட அந்த ஹார்மோன் சரிஞ்சு விழுது, தங்கியிருந்த முடி எல்லாம் ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போகுது, மூணு நாலு மாசம் கழிச்சு ஒண்ணா உதிருது. டெங்கு, டைபாய்டு காய்ச்சல் வந்தவங்க, பட்டினி கிடந்து எடை குறைச்சவங்க, கருத்தடை மாத்திரைய நிறுத்தினவங்க, இவங்க எல்லாருக்கும் இதே கணக்குதான். வேர் சாகல, அதனால திரும்ப முளைக்கும், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்.

ஆனா ஹார்மோன்தானேன்னு விட்டுராத, உன் விஷயத்துல அதுக்கு மேல இரும்புச்சத்தும் சேந்துருக்கும்னு எனக்குத் தோணுது. ஆபரேஷன்ல ரத்தம் போயிருக்கு, ஹீமோகுளோபின் 10.2, நம்ம பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான், மாத்திரையும் நிறுத்திட்ட, பத்தியமும் இருந்துருக்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பாதிக்கு மேல! அப்புறம் தலைக்கு என்ன தடவலாம்னு தேடிட்டு இருக்கோம். அந்த அரசு இரும்பு மாத்திரை இருக்கே, பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் சாப்பிடணும்னுதான் குடுக்குறாங்க, முக்காவாசிப் பேரு உன்ன மாதிரிதான், வீட்டுக்கு வந்ததும் அலமாரில வச்சுடுறாங்க.

டெஸ்ட்னா சிபிசி (ரத்த அணுக்கள் கணக்கு, ஹீமோகுளோபின் இதுல வரும்), ஃபெர்ரிட்டின் (உடம்புல சேத்து வச்ச இரும்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) இந்த மூணும் முதல்ல. ஹீமோகுளோபின்ன்றது கையில இருக்குற காசு, ஃபெர்ரிட்டின் பேங்க்ல இருக்குற சேமிப்பு. சேமிப்பு காலியானப்புறம்தான் கையில தட்டுப்பாடு வரும், அதனால ஹீமோகுளோபின் 12.5 இருந்து ஃபெர்ரிட்டின் 8 வந்த ரிப்போர்ட் நான் நிறைய அடிச்சுருக்கேன். காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருந்தா ஃபெர்ரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், அதனால உடம்பு சரியா இருக்குற நாள்ல குடு. டிஎஸ்ஹெச் எதுக்குன்னா பிரசவம் ஆன முதல் வருஷத்துல சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி தைராய்டு ஹார்மோன் முதல்ல ஏறி அப்புறம் இறங்கும், அசதியும் முடி கொட்டுறதும் பிள்ளை வளக்குற அலுப்புன்னு நினைச்சு விட்டுருவாங்க.

பயோட்டின் மிட்டாய் சாப்பிட ஆரம்பிச்சுட்டியா? ஆமான்னா லேப்ல கண்டிப்பா சொல்லு. அதிக டோஸ் பயோட்டின் ரத்தத்துல இருந்தா சில மெஷின்ல டிஎஸ்ஹெச் தப்பா கம்மியா காட்டும், குறைஞ்சது ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு வரணும். நம்ம சாப்பாட்டுல பயோட்டின் தாராளமா இருக்கு, அது குறைஞ்சு முடி கொட்டுறவங்க அபூர்வம்.

இரும்பு மாத்திரைய காபி டீயோட போடாத, ஒரு மணி நேரம் முன்ன பின்ன இடைவெளி விடு, கால்சியம் மாத்திரையோடயும் சேக்காத. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தா இரும்பு நல்லா உறிஞ்சும். மலச்சிக்கல் வந்தா டாக்டர்கிட்ட சொன்னா வேற வகை இரும்பு மாத்திரையா மாத்தித் தருவாங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாளும் போடச் சொல்லுவாங்க, நீயா நிறுத்தாத. அசைவம் சாப்பிடுவேன்னா வாரம் ஒரு நாள் ஆட்டு சுவரொட்டி (மண்ணீரல்) மிளகு போட்டு வறுத்து சாப்பிடு, அதுல இருக்குற இரும்பு கீரைல இருக்குறதவிட சுலபமா உடம்புல சேரும். பீட்ரூட் சிவப்பா இருக்குறதால ரத்தம் ஊறும்ன்றது நிறத்தப் பார்த்துச் சொல்றது, ரெண்டு பேரீச்சம்பழத்துல வர்ற இரும்பும் ரொம்பக் கொஞ்சம். முடி முழுக்கப் புரதம்தான், பால் குடுக்குற அம்மாவுக்கு நாளுக்கு 60 கிராம் கிட்ட புரதம் வேணும், ரசம் சாதத்துல அது எங்க இருக்கு சொல்லு, ஒரு முட்டையிலயே 6 கிராம் இருக்கு. முருங்கைக் கீரை, பருப்பு, சுண்டல், முட்டை எல்லாம் தாராளமா சாப்பிடு, அதைத் தடுக்குற பத்தியம் உனக்கு வேண்டாம்மா.

மதுரை சிஸ்டர்:

லேப் அக்கா சொன்னது ரொம்பச் சரி, ஆனா இதைப் படிக்குற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லணும், எல்லா முடி கொட்டுறதும் இப்படித் தானா திரும்பாது. எனக்குக் கொத்தாவே கொட்டல. 22 வயசுல இருந்து வகிடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அகலமாச்சு, கல்யாண போட்டோவையும் அதுக்கு மூணு வருஷம் முந்தின காலேஜ் போட்டோவையும் பக்கத்துல வச்சப்போதான் கண்ணுக்குப் பட்டுச்சு. மாதவிலக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, தாடையில பரு, தாடையில கறுப்பு முடி வேற. பிசிஓஎஸ், அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற ஹார்மோன் பிரச்சனை. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம ஏறிக் கிடக்கும்போது சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலா சுரக்குதாம், அந்த ஹார்மோன் உச்சந்தலையில முடி வேரைச் சுருக்கி ஒவ்வொரு தடவையும் முன்னவிட மெல்லிசா முளைக்க வைக்குது. வேர் ரொம்பச் சுருங்குறதுக்கு முன்னாடி போனாதான் பலன். நான் நாலு வருஷம் எண்ணெய் மாத்தி எண்ணெய் மாத்தித் தொலைச்சுட்டேன், அந்த நாலு வருஷத்துக்கு இப்பவும் மனசு கஷ்டப்படும். இப்போ தோல் டாக்டர் சொல்லி மினாக்ஸிடில்னு முடி வளர தலையில தடவுற மருந்து போடுறேன், ஆரம்பத்துல இன்னும் கொட்டுச்சு, அஞ்சு மாசம் கழிச்சுதான் வித்தியாசம் தெரிஞ்சுது, விடாம போடணும். பால் குடுக்குறவங்க, மாசமா இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது கோபி சிஸ்டர், யாராவது கடையில வாங்கிக் குடுத்தாலும் போடாதீங்க.

சைவக்காரி:

நாங்க வீட்ல முட்டை கூட இல்ல. எனக்கு ஃபெர்ரிட்டினோட பி12 வைட்டமினும் அடியில கிடந்துச்சு, கால் மரத்துப்போறத நான் உக்காந்து உக்காந்துன்னு நினைச்சுட்டு இருந்தேன். சைவம்னா பி12 டெஸ்டையும் சேத்து எடுத்துருங்க.

கோபிப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பத்து நாள் கழிச்சு வர்றேன். ரெண்டு பிள்ளைங்க அக்கா, நீங்க சொன்ன அன்னிக்கே பாப்பா கால் விரலைப் பார்த்தேன், சுண்டு விரல்ல ஒரு முடி லேசா சுத்தியிருந்துச்சு, இறுகல, எடுத்துட்டேன். கை நடுங்கிருச்சுங்க.

ரிப்போர்ட் வந்துருச்சு. ஹீமோகுளோபின் 10.6, ஃபெர்ரிட்டின் 7, டிஎஸ்ஹெச் 2.8. பயோட்டினை டெஸ்டுக்கு அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்திட்டுத்தான் போனேன். டாக்டரம்மா பார்த்துட்டு தைராய்டு நல்லா இருக்கு, இரும்புதான் ரொம்பக் கம்மின்னு வேற மாத்திரை எழுதியிருக்காங்க, மலச்சிக்கல் அவ்வளவா இல்ல. ரிப்போர்ட்டை மாமியார் கையில குடுத்து எல்லாம் சொன்னேன், ஒண்ணும் பேசல, மறுநாள் காலையில அவங்களே முருங்கைக் கீரை உருவிட்டு உக்காந்துருந்தாங்க, பக்கத்துல ரெண்டு முட்டை வெந்துட்டு இருந்துச்சு. லேப் அக்கா, அடுத்து எப்போ டெஸ்ட் எடுக்கணும், முடி நின்னுட்டா மாத்திரைய நிறுத்தலாமா?

லேப்ல வேலை பாக்குற அக்கா:

முடி நின்னாலும் நிறுத்தாதம்மா, ஹீமோகுளோபின் ஏறினதுக்கு அப்புறமும் சேமிப்பு நிறைய மூணு மாசம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் போடச் சொல்லித்தான் டாக்டர் சொல்லுவாங்க. ஹீமோகுளோபின் மட்டும் ஒரு மாசத்துல பாரு, ஃபெர்ரிட்டின் மூணு மாசம் கழிச்சு. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால கண்ணாடில தினம் தேடாத, பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் வர்றப்போ நெத்தியோரம் பாரு. மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு.