அரிசியை நிறுத்த வேண்டுமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

வசந்தி அத்தை: காலையிலிருந்து ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது, அரிசியில் காட்மியம், ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள்கள் எல்லாம் இருக்கிறதாம், சோறே கூடாதாம். கயல், நிஜமா? பேத்திக்குச் சோற்றை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

கயல்: நிறுத்தாதீர்கள் அத்தை. மண்ணிலும் பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் கொஞ்சம் இருக்கும், நெல் அதை வேர் வழியே இழுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் சாப்பாட்டோடு உள்ளே போவதில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான் உடம்பில் ஒட்டும், மற்றது வெளியே போய்விடும்.

முருகேசன் சித்தப்பா: ஜப்பானில் அரிசி சாப்பிட்டவர்களுக்கு எலும்பே முறிந்தது என்று அதே செய்தியில் இருக்கிறதே?

கயல்: அது தொயாமா பக்கம் சித்தப்பா. காமியோக்கா சுரங்கத்திலிருந்து காட்மியம் கலந்த கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீரையே வருடக்கணக்கில் வயலுக்குப் பாய்ச்சினார்கள். பாவம், பிள்ளை பெற்ற வயதான பெண்கள்தான் அதிகம் மாட்டினார்கள், இருமினாலே எலும்பு முறிந்திருக்கிறது. 1968இல் அந்த அரசே இது சுரங்கத்தால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நம் வீட்டுச் சோற்றை அதோடு சேர்க்காதீர்கள்.

பிரபு: குக்கரா, வடித்த சோறா?

கயல்: ஆர்சனிக்கைக் குறைக்க வடித்த சோறுதான் நல்லது அண்ணா. நல்ல தண்ணீர் நிறைய வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும்.

கயல்: அத்தை, உங்களுக்கு ரத்தம் குறைவு என்றார்களே, அந்த இரும்பு மாத்திரையை விடாதீர்கள். இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

கயல்: சித்தப்பா, அடுத்தது உங்களுக்கு, கோபப்படாமல் படியுங்கள். புகையிலைச் செடி காட்மியத்தை இலையிலேயே சேர்த்துவைக்கும், ஒரு சிகரெட்டில் 1 முதல் 2 மைக்ரோகிராம் வரை இருக்கும். சாப்பாடு மாதிரி இல்லை, புகையில் வருவது நுரையீரல் வழியாகப் பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறும். அப்புறம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். புகைப்பவர்கள் உடம்பில் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா: நான்தான் பீடிக்கு மாறிவிட்டேனே கயல், அதில் ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லையே.

கயல்: பீடிக்குள்ளும் புகையிலைதானே சித்தப்பா. யாரும் கொண்டுவந்து கலப்பதில்லை, மண்ணிலிருந்து செடியே எடுத்துக்கொள்கிறது.

வசந்தி அத்தை: முருகேசா, சாயங்காலம் திண்ணையில் பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பிடிக்கிறாய், நானும் எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

கயல்: அது வேண்டவே வேண்டாம் சித்தப்பா. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிற பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

முருகேசன் சித்தப்பா: பாப்பா பக்கத்தில் இனிப் பிடிக்க மாட்டேன். அடியோடு விட்டால் உள்ளே சேர்ந்தது போய்விடுமா?

கயல்: சிறுநீரகத்தில் இருப்பது சீக்கிரம் போகாது. ரத்தத்தில் இருப்பது சில மாதங்களில் இறங்கும், புதிதாகச் சேர்வதும் நிற்கும், அதுவே பெரிய விஷயம். 1800 11 2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், விடுவதற்கு வழி சொல்வார்கள்.

முருகேசன் சித்தப்பா: சரி, எண்ணை எழுதிவைத்துக்கொண்டேன். கிட்னிக்கு டெஸ்ட் எடுக்கணுமா?

கயல்: எடுத்துவிடலாம், உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சனிக்கிழமை காலை நான் வண்டியில் வருகிறேன், வெறும் வயிற்றோடு இருங்கள்.