புதுப்பிப்பு: எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேர்ந்துவிட்டேன்

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இதில் சேரலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். சேர்ந்தாச்சு. வகுப்புகள் சுமார்தான், பாதி ஏற்கெனவே படித்தது. ஆனால் ஆய்வேடு ஆளையே இழுத்துக்கொண்டது. கடைமடையில், அதாவது ஆற்றுப் பாசனம் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியில், மண் உவராவதுதான் (உப்பேறுவதுதான்) தலைப்பு.

வேதாரண்யம் பக்கம் பெரியப்பா வயலில் மண் எடுத்து, கூழாக்கி, சாறு வடித்து மின்கடத்துதிறன் பார்த்தேன்; உப்பு கூடினால் இதுவும் கூடும். மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண். வந்தது 6.2. பெரியப்பா அந்த எண்ணைப் பொருட்படுத்தவே இல்லை. வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் காலால் கிளறிவிட்டு, “இதுக்கு மெஷின் வேறயாடா?” என்றார்.

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறேன், பார்ப்போம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் அதே இடத்தில் மறுபடி மண் எடுக்கணும்.