‘டிஸ்ப்ளேஸ்மென்ட் டிராக்கிங்’: தமிழில் ஒரு சொல் அல்ல, மூன்று சொற்கள் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போர், வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றால் வீட்டைவிட்டு ஓடி, ஆனால் நாட்டின் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே அலைகிற மக்களைத் தொடர்ந்து கணக்கிடும் பணிக்கு, ஆங்கிலத்தில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட் டிராக்கிங்’ எனப்படுவதற்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று விடைகள் வந்துள்ளன. ‘உள்நாட்டு அகதிகள் கண்காணிப்பு’, ‘புலம்பெயர்ந்தோர் தடமறிதல்’, ‘இடம்பெயர்ந்தோர் கண்காணிப்பு’. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘அகதி’ எல்லோருக்கும் புரிகிற சொல். அதைவிட்டு ஏன் வேறு தேட வேண்டும்?

புரிகிற சொல் என்பதில் ஐயமில்லை. கதியற்றவர் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முகாமில் இருப்பவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். 1995 அக்டோபர் இறுதியில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களும் ‘அகதியாய்ப் போனோம்’ என்பார்கள். கடல் கடந்தவர்களும் அதையே சொல்வார்கள். அவர்கள் பேச்சைத் திருத்துகிற உரிமை நமக்கு இல்லை. ஆனால் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, தம் நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. எல்லையைத் தாண்டிய பிறகே அந்த உடன்படிக்கையின் காப்பு அவருக்கு உண்டு. தாண்டாதவர் தம் அரசின் பொறுப்பிலேயே இருக்கிறார். பல வேளைகளில் அவரைத் துரத்தியதே அந்த அரசாக இருக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1998இல் ஐ.நா. பொதுச் செயலாளரின் பிரதிநிதி பிரான்சிஸ் டெங், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுக்கான 30 வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் வைத்தார். அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. அப்படிக் கட்டுப்படுத்துகிற உடன்படிக்கை ஆப்பிரிக்காவில் உருவானது: 2009இல் உகாண்டாவின் கம்பாலாவில் ஏற்கப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்தது. ‘உள்நாட்டு அகதி’ என்று எழுதினால், இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய வேறுபாடு ஒரே அடைமொழியில் கரைந்துவிடுகிறது. படிப்பவர் ‘அகதிக்குரிய உரிமை இவருக்கும் இருக்கும்’ என்று நினைத்துக்கொள்வார். இல்லை என்பதுதான் அவருடைய துயரம்.

‘புலம்பெயர்’ பழைய சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைக் குறித்தே அது வருகிறது. வணிகத்துக்காக வந்து இனிது உறைந்தவர்கள் அவர்கள். இன்று ஈழத்தவர் எழுத்தில் அது வெளிநாடுகளில் வாழ்கிற தமிழரைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு இதழ்களிலோ 2020 ஊரடங்குக்குப் பிறகு ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்றால் வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஏற்கெனவே இரண்டு சுமைகளைத் தாங்குகிற சொல்லின் தலையில் மூன்றாவதையும் ஏற்ற வேண்டாம்.

ஆக ‘இடம்பெயர்’ தான். இதை நாம் புதிதாக உருவாக்கவும் வேண்டியதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளாக ஈழத்துச் செய்தித்தாள்களும், நிவாரணப் படிவங்களும், மக்களின் வாய்ப்பேச்சும் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சொல் அது. ‘இடம்பெயர்ந்து இருந்தபோது பிறந்த பிள்ளை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

‘பெயர்ந்தோர்’ என்றால் தாமாகவே கிளம்பியதுபோல இருக்கிறது, ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’ என்றால்தான் கட்டாயம் தெரியும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பெயர்த்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிய வேண்டும். அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்தால் பெயர்த்தவர் உண்டு. ஆற்று வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் யாரைக் காட்டுவது? வழிகாட்டு நெறிகளின் வரையறையும் இரு தரப்பையும் சேர்த்தே சொல்கிறது: தாக்குதலில் சிக்கி ஓடியவர்களும் அதில் அடக்கம், தாக்குதல் வரும் என்று அஞ்சி முன்கூட்டியே வெளியேறியவர்களும் அடக்கம். முன்கூட்டியே கிளம்பியவரைப் ‘பெயர்க்கப்பட்டோர்’ என்றால், அவர் எடுத்த முடிவையே அவரிடமிருந்து பறித்ததாகிவிடும். பல் பெயர்கிறது, சுவரில் காரை பெயர்கிறது. இவற்றில் எதுவும் விரும்பிப் பெயர்வதில்லை. பெயர்தல் என்ற வினையிலேயே வேர் அறுந்த வலி இருக்கிறது. ‘க்கப்பட்டு’ இல்லாமலே அது கேட்கும்.

இனி, இழையில் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். என் மடல் முழுவதும் இதற்காகத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுப்புக்கான வினாத்தாளைத் தமிழாக்கினேன். ‘நீங்கள் எப்போது இடம்பெயர்ந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு எதிரே நாள், மாதம், ஆண்டு எழுத ஒரே ஒரு கட்டம். வினாத்தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு முதியவரிடம் கேட்டோம். ‘எந்தத் தடவையைக் கேட்கிறீர்கள், தம்பி?’ என்றார். பிறகு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். முதலில் கோயில் மண்டபம். அடுத்தது மைத்துனர் வீடு. அங்கிருந்து பள்ளிக்கூடம். நான்காவது விரலை மடக்கியவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பி, ‘மழைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததையும் சேர்க்க வேண்டுமா?’ என்று கேட்டார். அந்த அம்மா, ‘அதில்தானே தையல் மெஷின் போனது, சேருங்கள்’ என்றார். கடைசித் தேதியை மட்டும் கட்டத்தில் எழுதினோம். மற்றவற்றுக்குத் தாளில் இடமில்லை.

அன்று நான் அறியாத ஒன்றை இந்தத் துறை முன்பே பிரித்து வைத்திருந்தது. ஓர் ஆண்டில் நடந்த பெயர்வுகளின் எண்ணிக்கை ஒரு கணக்கு. ஆண்டின் கடைசி நாளில் வீடு திரும்பாமல் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கை இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் முன்னதை ‘ஃப்ளோ’ என்றும் பின்னதை ‘ஸ்டாக்’ என்றும் சொல்கிறார்கள். முன்னதில் ஒருவர் நான்கு முறை ஓடினால் நான்கு. பின்னதில் அவர் எத்தனை முறை ஓடியிருந்தாலும் ஒன்று. வீடு சேர்ந்து நிலைத்துவிட்டால் பூஜ்யம்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காசாவில் 2023ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 34 லட்சம் இடப்பெயர்வுகள் பதிவாயின. அந்த ஆண்டு முடிவில் இடம்பெயர்ந்து இருந்தவர்கள் 17 லட்சம் பேர். காசாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 22 லட்சம். ‘34 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர்’ என்று தமிழில் எழுதினால், இல்லாத மக்களை எழுதியதாகிவிடும். ஆனால் நாம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்ஸ்’ என்று வந்தால் நம் கை தானாகவே ‘பேர்’ என்று போட்டுவிடுகிறது.

இன்னொரு சோடி எண்கள். 2024இல் அமெரிக்காவில் பேரிடர்களால் நேர்ந்த இடப்பெயர்வுகள் சுமார் 1.1 கோடி. ஹெலீன், மில்டன் ஆகிய புயல்களுக்காக மக்களைக் கூட்டங்கூட்டமாக வெளியேறச் சொன்னது இதில் பெரும்பங்கு. அவர்களில் மிகப் பலர் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். அதே ஆண்டு முடிவில் சூடானில் போரால் இடம்பெயர்ந்து இருந்தவர்கள் 1.16 கோடி பேர். 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் தொடங்கிய போர் அவர்களில் பெரும்பாலோரை அதுவரை திரும்பவிடவில்லை. இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்று நிகழ்வுகளின் எண்ணிக்கை, மற்றொன்று மனிதர்களின் எண்ணிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அமெரிக்காவின் புளோரிடாவும் சூடானின் டார்பூரும் ஒரே வரிசையில் நின்றுவிடும். சொல்லில் நேர்கிற பிழை நிவாரணத்தில் போய் முடியும்.

உலக அளவிலும் அப்படியே. 2024இல் நடந்த இடப்பெயர்வுகள் 6.58 கோடி, அதில் 4.58 கோடி பேரிடரால், சுமார் 2 கோடி போராலும் வன்முறையாலும். ஆண்டு முடிவில் இருந்த ஆட்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது: மொத்தம் 8.34 கோடி, அதில் 7.35 கோடி பேர் போரால், சுமார் 98 லட்சம் பேர் பேரிடரால். பேரிடர் அதிக முறை ஓடவைக்கிறது. போர் அதிகம் பேரைத் திரும்பவிடாமல் வைக்கிறது. ஒரு கலைச்சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

தாங்கக்கூடிய கருவி நம் மொழியில் இருக்கிறது என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. ‘ஃப்ளோ’வை ‘பாய்வு’ என்றும் ‘ஸ்டாக்’கை ‘இருப்பு’ என்றும் பொருளியல் நூல்களிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. மனிதரைச் சரக்கிருப்புப்போல எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்திருக்கிறார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். வந்தார் என்றால் வருகை நடந்தது. இப்போது எங்கே என்று தெரியாது. வந்திருக்கிறார் என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ‘இரு’ போதும்.

நிகழ்வுக்கு ‘இடப்பெயர்வு’. ‘34 லட்சம் இடப்பெயர்வுகள்’ என்றே எழுதுவோம், ‘பேர்’ சேர்க்காமல். ஆட்களுக்கு ‘இடம்பெயர்ந்திருப்போர்’. ‘17 லட்சம் இடம்பெயர்ந்திருப்போர்’. சற்று நீளம்தான். ஆனால் திரும்பிவிட்டவர் தாமாகவே அதிலிருந்து வெளியேறிவிடுகிறார். ‘இடம்பெயர்ந்தோர்’ என்ற சொல்லில் அந்தக் கதவு இல்லை. ஒருமுறை பெயர்ந்தவர் சாகும்வரை பெயர்ந்தவரே. அந்தச் சொல்லை வரலாறு எழுதும்போது வைத்துக்கொள்ளலாம். ‘இடப்பெயர்ச்சி’ வேண்டாம், அது இயற்பியலுக்குப் போய்விட்டது. அங்கே தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மட்டுமே கணக்கு, நடுவில் ஓடிய ஓட்டத்துக்கு மதிப்பில்லை. நமக்கோ அந்த ஓட்டமும் வேண்டும்.

ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. அசர்பைஜானில் இடம்பெயர்ந்தவராகப் பதிவுபெற்ற தந்தையின் குழந்தைக்கும் அதே பதிவு உண்டு. 1990களில் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள், தாம் ஒருபோதும் விட்டுவராத ஊரின் பெயரில் பதிவாகியிருக்கிறார்கள். பெயராதவரை எப்படிப் ‘பெயர்ந்திருப்போர்’ என்பது? இலக்கணத்தில் இடிக்கிறது. குடும்பத்தை அலகாகக் கொண்டு ‘இடம்பெயர்ந்திருக்கும் குடும்பம்’ என்று எழுதினால் ஓரளவு சரியாகும். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசியாக ‘டிராக்கிங்’. ‘தடமறிதல்’ காட்டில் விலங்கையும், குற்றவாளியையும் தேடும்போது வருகிற சொல். ‘கண்காணிப்பு’ இன்று கேமராவையும் காவல்துறையையும் நினைவூட்டுகிறது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளரை வேலைவாங்கிய கண்காணி யார் என்பதை இலங்கை மலையகத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஓடி வந்து கூடாரத்தில் இருப்பவர்களிடம் ‘உங்களைக் கண்காணிக்கிறோம்’ என்று எந்த மொழியிலும் சொல்லக்கூடாது. போர்நிலத்தில் பெயர்ப்பட்டியல் எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்பது உயிர்ப் பிரச்சினை.

மேலும், நடக்கிற பணியே பெரும்பாலும் அது அல்ல. பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு 2004இல் ஈராக்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடத்துகிற முறையில், தனி ஆட்களின் பின்னால் யாரும் போவதில்லை. ஊர்த் தலைவர், முகாம் பொறுப்பாளர், ஆசிரியர் போன்ற விவரம் தெரிந்தவர்களைச் சந்தித்து இந்த இடத்தில் எத்தனை குடும்பங்கள், எங்கிருந்து வந்தன, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி போய் அதையே கேட்கிறார்கள். ஜெனீவாவில் 1998 முதல் இயங்குகிற உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் இதுபோன்ற தகவல்களையெல்லாம் திரட்டிச் சரிபார்க்கிறது. தகவல் கிடைக்காத பேரிடர்களில், இடிந்த வீடுகளின் எண்ணிக்கையை ஒரு குடும்பத்தின் சராசரி ஆட்களால் பெருக்கி மதிப்பிடுகிறது. பெயரில்லாத, விட்டுவிட்டுத் தொடர்கிற, இடத்தை மையமாகக் கொண்ட கணக்கு.

‘கணக்கெடுப்பு’ ஒருமுறை நடந்து முடிவது. ‘பதிவு’ என்றால் பெயர் வேண்டும். அது தனிப் பணி, அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். ‘கணிப்பு’ தேர்தலுக்குப் போய்விட்டது. ‘தொடர்கணக்கு’ என்பது என் முன்மொழிவு. முழுவதுமாக, ‘இடப்பெயர்வுத் தொடர்கணக்கு’. வினையாக வேண்டும்போது ‘தொடர்ந்து கணக்கிடுதல்’ என்று எளிதாக விரித்துக்கொள்ளலாம். யாரையும் துரத்தாத சொல் அது. மேலே ஜெனீவா மையத்தின் பெயரில் ‘கண்காணிப்பு’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள்; அது ‘மானிட்டரிங்’ என்ற வேறு சொல்லுக்கு வழக்கிலுள்ள பெயர்ப்பு என்பதால் இப்போதைக்கு விட்டிருக்கிறேன். அதையும் மாற்றலாமா என்பதை அடுத்துப் பேசுவோம்.

‘திரும்பியோர்’ குறித்தும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ‘மீள்குடியேறியோர்’ என்று படிவங்களில் வருகிறது. ஆனால் அரசு கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் சொந்தக் காணியாக இல்லாமலும் இருக்கலாம். சொந்த வீட்டுக்கே போனவரையும் வேறோர் இடத்தில் குடியமர்த்தப்பட்டவரையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா? நிவாரணப் பணியிலோ முகாமிலோ இருந்த நண்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் மக்கள் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.